பென்சிலில் எழுதிய பெயர்

ஜூன் மாதம் ஸ்டாஃப் ரூமில் டைம்டேபிள் ஒட்டினார்கள். எல்லார் பெயரும் பேனாவில் இருந்தது. பிளஸ் டூ கணக்குக் கட்டத்தில் மட்டும் என் பெயர் பென்சிலில். அடுத்த மேஜைக்குப் புதிதாக ஓர் ஆசிரியை வந்திருந்தார். "காலாண்டு வரைக்கும் நீங்களே எடுங்க சார், அப்புறம் பார்க்கலாம்" என்று ஆபீஸில் சொன்னார்கள். அந்த வகுப்பை 19 வருடமாக எடுத்து வருகிறேன்.

அன்று சாயந்திரம் குரோம்பேட்டையில் ரயில் ஏறித் தாம்பரத்தில் இறங்கும்வரை கிரிக்கெட் வீரர் அஸ்வின் ஞாபகம்தான். இதே தடத்தில், மாம்பலத்தில் இறங்கினால் அவர் வளர்ந்த பகுதி. அவர் மேல் நமக்கு இருப்பது பக்கத்து வீட்டுப் பாசம்.

2024 செப்டம்பர், சேப்பாக்கம். பங்களாதேஷுக்கு எதிராக இந்தியா 6 விக்கெட்டுக்கு 144 ரன். அங்கிருந்து அஸ்வின் 113 அடித்தார், இரண்டாவது இன்னிங்ஸில் 6 விக்கெட்டும் எடுத்தார். அடுத்த மாதமே, நியூசிலாந்திடம் பெங்களூரில் தோற்றதும், வாஷிங்டன் சுந்தரை அணிக்கு அழைத்தார்கள். அவரும் சென்னைப் பையன், அவரும் ஆஃப் ஸ்பின். புனே டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் முதல் மூன்று விக்கெட் அஸ்வினுக்கு, மீதி ஏழும் வாஷிங்டனுக்கு. அன்று டிவி முன்னால் எனக்குச் சந்தோஷமும் வந்தது, வயிற்றில் ஏதோ பிசையவும் செய்தது.

பிறகு ஆஸ்திரேலியா. பெர்த்தில் வாஷிங்டன் ஆடினார், அடிலெய்டில் அஸ்வின், பிரிஸ்பேனில் ஜடேஜா. மூன்று டெஸ்டுக்கு மூன்று சுழற்பந்து வீச்சாளர்கள். டிசம்பர் 18 அன்று, 537 டெஸ்ட் விக்கெட்டோடு, அஸ்வின் சர்வதேச கிரிக்கெட்டிலிருந்து ஓய்வை அறிவித்தார். அது நடந்த இடம் பிரிஸ்பேனின் காபா மைதானம். 2021 ஜனவரியில், முதுகு வலியால் அஸ்வின் ஆட முடியாமல் போனபோது, வலைப்பயிற்சிக்குப் பந்து போட இருந்த வாஷிங்டன் முதல் டெஸ்ட் ஆடியதும் அங்கேதான். முதல் இன்னிங்ஸில் 62 ரன், ஆட்டத்தில் மொத்தம் 4 விக்கெட். அன்று நாம் விசில் அடித்தோம்.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது 2011 டெல்லி டெஸ்ட். அஸ்வினின் முதல் டெஸ்ட், 9 விக்கெட், ஆட்ட நாயகன். 'நம்ம பையன்' என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். 400 விக்கெட்டைத் தாண்டியும் இடம் இழந்த ஹர்பஜன் அந்த நேரத்தில் வீட்டில் எப்படி உட்கார்ந்திருப்பார் என்று ஒரு நொடி நினைத்தேனா? இல்லை. எனக்கு முன்னால் இந்த வகுப்பை எடுத்தவரையும் நினைக்கவில்லை. அவருக்கு ஒன்பதாம் வகுப்பு கொடுத்தபோது, நான் புது சாக்பீஸ் டப்பாவோடு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தேன்.

இடம் போய்விட்டால்கூட மனசு ஒருவழியாக அடங்கிவிடும். போகுமா இருக்குமா என்பதுதான் ஆளைத் தின்கிறது. அந்த இரண்டு மாதம் நான் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தவில்லை. வராந்தாவில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே நடத்தினேன். நன்றாகத் தெரிந்த கணக்கில்கூட போர்டில் தடுமாறினேன். வெளியில் உட்காரவைக்கப்பட்ட பந்துவீச்சாளர், அடுத்த ஆட்டத்தில் ஒரே நாளில் எல்லாவற்றையும் நிரூபித்துவிட வேண்டும் என்று கை இறுக்கிப் பந்து போடுவது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. அந்தப் புது ஆசிரியையின் நிலைமையும் அதேதான். அவர் பெயர் பென்சிலில்கூட எழுதப்படவில்லை.

ஆகஸ்டில் ஒருநாள் அவரே என் மேஜைக்கு வந்தார். "சார், வெக்டார்ல பசங்க எங்க தப்பு பண்றாங்க?"

என் முன்னால் பழைய நோட்டு. பழுப்பு அட்டை, ஓரம் கிழிந்தது. யார் எந்த இடத்தில் சறுக்குவார்கள் என்று வருடா வருடம் குறித்துவைத்தது. உள்ளங்கையை அதன்மேல் வைத்தபடி கொஞ்ச நேரம் இருந்தேன். என் முதல் வருடத்தில் இதே கேள்வியை நான் அந்தப் பெரியவரிடம் கேட்டிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தவர், சிவப்புப் பேனாவை மூடிவைத்துவிட்டு எனக்கு முக்கால் மணி நேரம் சொல்லிக்கொடுத்தார்.

கையை எடுத்தேன்.

"குறுக்குப் பெருக்கல்ல நடு உறுப்புக்கு மைனஸ் போட மறந்துடுவாங்கம்மா. பாதி பேர் அங்கதான் விழுவாங்க. உட்காருங்க, காட்டறேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். இரண்டாவது கணக்கின் பாதியில் பெல் அடித்தது. அடுத்த பீரியட் பிளஸ் டூ. நோட்டை அவரிடமே விட்டுவிட்டு, சாக்பீஸ் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.