பெயர் சூட்டியவரும் பெயர் சொல்லி அழைப்பவரும்

வினா: நான் 1991ஆம் ஆண்டு, வளைகுடாப் போர் நடந்துகொண்டிருந்த நாட்களில் பிறந்தவன். வானொலிப் பெட்டியை விட்டு நகராமல் செய்தி கேட்டுக்கொண்டிருந்த என் மூத்தாப்பா, ஈராக் நாட்டு ஜனாதிபதியின் பெயரையே எனக்கு வைத்துவிட்டார். பாடசாலையில் இடாப்புக் கூப்பிடும் வாத்தியார், என் பெயர் வந்ததும் நிறுத்தி, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் அடுத்த பெயருக்குப் போவார். இப்போது வெளிநாட்டில் தொழில் செய்கிறேன். கடவுச்சீட்டைப் பார்க்கும் அதிகாரிகள் என்னை ஒரு பக்கமாக இருக்கச் சொல்வது வழக்கமாகிவிட்டது. மூத்தாப்பா மௌத்தாகிவிட்டார். இப்பெயரை மாற்றினால் அவருக்குச் செய்யும் துரோகமாகுமா? மார்க்கம் என்ன சொல்கிறது?
— வாசகர், சாய்ந்தமருது

விடை: அன்பரே, தங்கள் கடிதத்தில் இரண்டு வேதனைகள் கலந்திருக்கின்றன. பெயர் அபூர்வமானது என்பதால் உண்டான கூச்சம் ஒன்று. அப்பெயருக்கு முன்னரே உரியவராயிருந்த இன்னொரு மனிதரின் சரித்திரத்தைத் தாங்கள் சுமக்க நேர்ந்த சங்கடம் மற்றொன்று. முதலாவதைப் பற்றி மார்க்கத்துக்கு யாதோர் ஆட்சேபமும் இல்லை. முதுமையடைந்த ஸகரிய்யா நபி (அலை) அவர்களுக்கு ஆண்மகவு பிறக்குமென்று நற்செய்தி அருளிய இறைவன், அக்குழந்தைக்கு யஹ்யா என்று தானே பெயரும் சூட்டி, இப்பெயரை இதற்கு முன் எவருக்கும் தான் அளித்ததில்லை என்பதையும் ஒரு சிறப்பாகவே எடுத்துரைத்ததை மர்யம் அத்தியாயத்திலே காண்கிறோம். நாயகம் (ஸல்) அவர்களுடைய திருநாமமும் அக்காலத்து அரபிகளிடையே மிக அரிதாகவே வழங்கியது. பாட்டனார் அப்துல் முத்தலிப் அப்பெயரைச் சூட்டியபோது, முன்னோர் பெயர்கள் பல இருக்க இதென்ன புதுப்பெயர் என்று குறைஷியர் வினவினார்கள் என்று வரலாற்று ஆசிரியர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அன்று கேட்டவர் புருவம் நெரித்த அந்தப் பெயர்தான் இன்று நம் பிரதேசத்தில் பிறப்புச் சாட்சிப் பத்திரம் எடுக்கும் ஆண்பிள்ளைகளுள் பெரும்பாலோருக்கு ஏதேனும் ஓர் இடத்தில் வந்து அமர்ந்துவிடுகிறது.

இனி, பெயரை மாற்றுவதைப் பற்றி. மாற்றுவது முன்னோரை அவமதிப்பதாகுமென்றால், நாயகம் (ஸல்) அவர்கள் அத்தனை பேருடைய பெயர்களை மாற்றியிருக்கமாட்டார்கள். மாறுசெய்பவள் என்று பொருள்படும் ஆஸியா என்ற பெயரோடிருந்த உமர் (ரலி) அவர்களின் மகளாரை ஜமீலா ஆக்கினார்கள். அஸ்ரம் என்றிருந்த ஒருவரை ஸுர்ஆ ஆக்கினார்கள். நற்குணமுடையவள் என்ற பொருளுள்ள பர்ரா என்ற பெயரைக்கூட, அது தன்னைத்தானே புகழ்ந்துகொள்வதாகும் என்ற காரணத்தால், ஸைனப் என்று மாற்றினார்கள். இவையெல்லாம் பெயரின் பொருளைப் பார்த்துச் செய்யப்பட்டவை. அப்பெயர்களை எத்தனை பேர் வைத்திருந்தார்கள் என்ற எண்ணிக்கை அங்கே பிரஸ்தாபிக்கப்படவேயில்லை.

ஆயினும் தங்கள் வினாவுக்கு நேரான விடை வேறொரு சம்பவத்திலே இருக்கிறது. மதீனாவின் மகா பண்டிதர்களுள் ஒருவரான ஸஈத் இப்னுல் முஸய்யப் அவர்களுடைய பாட்டனாரின் பெயர் ஹஸ்ன். கரடுமுரடான நிலம் என்று பொருள். அவர் நாயகம் (ஸல்) அவர்களின் சமூகத்துக்கு வந்தபோது பெயரைக் கேட்டறிந்த பெருமானார், இனி நீர் ஸஹ்ல், அதாவது மென்னிலம், என்று அன்போடு சொல்லிப் பார்த்தார்கள். அவரோ, தம் தந்தையார் இட்ட பெயரைத் தாம் மாற்றிக்கொள்ளப்போவதில்லை என்று கூறிவிட்டார். அதன் பிறகு எங்கள் குடும்பத்திலே ஒரு கரடுமுரடான சுபாவம் தங்கிவிட்டது என்று பேரரான ஸஈத் அவர்களே பிற்காலத்தில் சொன்னதாக ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியிருக்கிறது. இச்சம்பவத்தை எடுத்துரைக்கும் உபந்நியாசகர்கள் பெரும்பாலும் அந்தக் கடைசி வார்த்தையோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கோ அதனிலும் பெரிதாகத் தோன்றுவது, அகில உலகுக்கும் அருட்கொடையாக வந்த ஒருவர், தமது சொல்லை ஒரு சாதாரண மனிதர் மறுத்தபோது அவரைக் கட்டாயப்படுத்தாமல் விட்டார்களே, அதுதான். பெயர் அவ்வளவுக்கு அவரவருடைய சொந்த உடைமை. தந்தையார் மீதிருந்த பக்தியினால் மறுத்தவரையும் மார்க்கத்துக்குப் புறம்பானவராக யாரும் எண்ணவில்லை. மாற்றிக்கொண்டவர்களையும் குடும்பத் துரோகி என்று யாரும் சொல்லவில்லை.

தங்கள் பெயரின் பொருளிலே மார்க்கம் வெறுக்கத்தக்கது ஒன்றும் இல்லை. எதிர்த்து மோதுபவன் என்பதே அதன் கருத்து. ஆகையால் அதை மாற்றியே தீரவேண்டுமென்ற கடமை தங்களுக்கு இல்லை. ஆனால் அதனால் வாழ்வுக்கு இடையூறு நேருமாயின் மாற்றிக்கொள்ளத் தடையுமில்லை. இதே பெயரைப் பாட்டனாரிடமிருந்து பெற்ற வட இந்திய இளைஞர் ஒருவர், பரீட்சையில் நல்ல தேர்ச்சியிருந்தும் கப்பல் நிறுவனங்கள் வரிசையாகக் கைவிரித்துவிட்டமையால் பெயரை மாற்ற நேர்ந்த செய்தி 2017ஆம் ஆண்டு பத்திரிகைகளில் வந்தது. தங்களைப் போன்றவர்கள் பலர் இருக்கிறார்கள் என்று அறிந்தால் சற்று ஆறுதலாக இருக்குமென்று இதனைக் குறிப்பிடுகிறேன்.

மாற்றுவதானால் ஒன்றை மட்டும் நினைவிற்கொள்க. நம் பகுதியில் வாப்பாவின் பெயர் முன்னும் பிள்ளையின் பெயர் பின்னுமாக எழுதுவது வழக்கமல்லவா? பின்னதை மாற்றலாம்; முன்னதைத் தொடலாகாது. நாயகம் (ஸல்) அவர்களின் வளர்ப்புப் புதல்வராகையால் ஸைத் இப்னு முஹம்மத் என்று அழைக்கப்பட்டுவந்த ஸைத் (ரலி) அவர்களையே, பிள்ளைகளை அவரவர் தந்தையரின் பெயராலேயே அழைக்கவேண்டுமென்ற இறைகட்டளை வந்தபின், எல்லோரும் ஸைத் இப்னு ஹாரிஸா என்று பழையபடி அழைக்கலானார்கள். உலக காரியத்தைப் பொறுத்தமட்டில், பிறப்புப் பதிவிலே பெயரைத் திருத்தச் சட்டத்தில் வழியுண்டு. பிரதேச செயலகத்திலுள்ள பதிவாளர் பிரிவில் விசாரித்தறிக. அடையாள அட்டை, கடவுச்சீட்டு, பரீட்சைப் பெறுபேறு ஆகிய எல்லாவற்றிலும் ஒரே பெயர், ஒரே எழுத்துக்கூட்டலில் வராவிட்டால் இப்போதிருக்கும் தொல்லையிலும் பெருந்தொல்லை வந்து சேரும். முஹம்மது என்ற ஒரு பெயரை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதிவைத்துக்கொண்டு கந்தோர் கந்தோராக அலையும் நம்மவருக்கு இதை நான் விஸ்தரிக்கவேண்டியதில்லை.

மூத்தாப்பா மீது குறை காணவேண்டாம். வல்லரசு ஒன்றை எதிர்த்து நிற்பவர் என்ற அபிமானத்தினால் அக்காலத்தில் எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பிள்ளைகளுக்கு இப்பெயர் இடப்பட்டது. எனினும் அதே மனிதர்தாம் 1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அண்டையிலிருந்த குவைத் என்ற முஸ்லிம் நாட்டுக்குள் படையோடு புகுந்தவர் என்பதை அபிமானம் மறைத்துவிட்டது. உயிரோடிருக்கும் அரசியல்வாதியின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பதை நான் எக்காலத்திலும் சிபார்சு செய்வதில்லை. அவருடைய கணக்கு இன்னும் முடியவில்லை, முடியும்போது மீதி எப்பக்கம் நிற்குமென்று எவருக்கும் தெரியாது. வைத்தாகிவிட்டதென்றால், அதற்கும் ஒரு வழி இருக்கிறது. தங்கள் ஊருக்குச் சற்று வடக்கேயுள்ள மருதமுனையிலே, புலவர்மணி ஆ. மு. ஷரிபுத்தீன் அவர்களின் புதல்வர் ஜின்னாஹ் என்ற பெயருடையவர். அப்பெயரைக் கேட்டதும் உலகம் பாகிஸ்தானை நினைக்கும். ஈழத்துத் தமிழ் இலக்கியம் அறிந்தவர்களோ வைத்தியராகவும் காவியங்கள் பல இயற்றிய கவிஞராகவும் விளங்கும் ஜின்னாஹ் ஷரிபுத்தீன் அவர்களை நினைப்பார்கள். தாங்கள் பெயரை வைத்துக்கொண்டாலும் சரி, மாற்றிக்கொண்டாலும் சரி, மூத்தாப்பாவுக்காக துஆச் செய்வதை விடாதிருந்தால் அவருக்குரிய கடமை நிறைவேறும்.

வினா: பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்கு மருமகன் தொலைபேசியில் தேடி, உலகத்தில் யாருக்கும் இல்லாத ஒரு பெயரை எடுத்து வைத்திருக்கிறார். அதில் எத்தனை எழுத்து இருக்கவேண்டுமென்று எண் பார்ப்பவரிடமும் கேட்டாயிற்றாம். எனக்கோ சாகுல் ஹமீது என்று வைக்க ஆசை. யார் சொல்வது சரி?
— ஓர் உம்மம்மா, கல்முனைக்குடி

விடை: எண் பார்ப்பதற்கு மார்க்கத்தில் ஆதாரம் கிடையாது, எழுத்தைக் கூட்டியும் குறைத்தும் நஸீபை மாற்றலாமென்று நம்புவது ஈமானுக்கு ஊறு விளைவிக்கும். அந்தச் செலவை ஏழாம் நாள் அகீகாவுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நாகூர் நாயகத்தின் நினைவாகக் கொடியேறும் கடற்கரைப் பள்ளி உங்கள் ஊரிலேயே இருக்கும்போது அப்பெயர்மீது உங்களுக்கு ஆசை எழுவது இயல்பு. ஒரே தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்க்காத பெயராக இருக்கவேண்டுமென்று மருமகன் விரும்புவதும் இயல்புதான். தொலைபேசியில் கிடைக்கும் பெயர்களுள் சில அரபுமல்லாமல் பார்சியுமல்லாமல் வெறும் ஓசையாக இருக்கின்றன. சிலவற்றுக்கு அங்கே எழுதியிருக்கும் பொருள் ஒன்று, அகராதியிலுள்ள பொருள் வேறு. ஆகையால் அரபு அறிந்த மௌலவி ஒருவரிடம் காட்டிப் பொருள் நல்லதென்று நிச்சயப்படுத்திக்கொண்டபின் வைக்கட்டும். இறைவனுக்கு மிக விருப்பமான பெயர்கள் அப்துல்லாஹ்வும் அப்துர் ரஹ்மானும் என்று நபிமொழியிலே வந்திருக்கிறது. தனிப்பெயர் தேடும் அவசரத்தில் இவற்றை மறந்துவிடவும் வேண்டாம். தனித்து நிற்கவேண்டுமென்ற ஆசை பிள்ளைக்கே பின்னொரு நாள் உண்டானால் அதற்கும் இடமிருக்கிறது. பக்கத்து மருதமுனையிலே இஸ்மாயில்கள் எத்தனையோ பேர், அவர்களுள் வி. எம். இஸ்மாயில் என்ற சிறுகதாசிரியர் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட மருதூர்க்கொத்தன் என்ற பெயரோ அவர் ஒருவருக்கே உரியது. பெற்றோர் பெயரைத் தேடுவது ஏழு நாளைக்கு. அவன் தேட ஆயுள் முழுவதும் இருக்கிறது. முடிவாக, பெயர் வைக்கும் உரிமை தாய் தகப்பனுக்கு உரியது. ஆசையைச் சொல்லிப் பாருங்கள், வற்புறுத்தவேண்டாம்.

வினா: என் மகன் 2004 டிசம்பரில், கடல் வந்த அந்தக் கிழமையில் பிறந்தான். அவனுக்கு அழகான பெயர் வைத்திருக்கிறோம். ஆனால் பாடசாலைக் காலத்திலிருந்து இன்றுவரை தோழர்கள் அவனை "சுனாமி" என்றே கூப்பிடுகிறார்கள். அந்தக் கடலில் என் ராத்தாவும் பிள்ளைகளும் போனார்கள். அந்தச் சொல் வாசலில் கேட்கும்போதெல்லாம் நெஞ்சு பதறுகிறது. பட்டம் சொல்லிக் கூப்பிடுவது பாவமா, வெறும் விளையாட்டா?
— ஒரு தாய், சாய்ந்தமருது

விடை: சகோதரியே, பட்டப்பெயர் முழுவதும் விலக்கப்பட்டதன்று. ஒரு நாள் வீட்டிலே சிறு மனத்தாங்கல் ஏற்பட்டு, அலி (ரலி) அவர்கள் பள்ளிவாசலிலே போய்ப் படுத்துவிட்டார்கள். தேடிவந்த நாயகம் (ஸல்) அவர்கள், மேலாடை நழுவி முதுகெல்லாம் மண் அப்பிக்கிடந்த மருமகனைக் கண்டு, தம் கையாலேயே அம்மண்ணைத் துடைத்துக்கொண்டு, மண்ணின் தந்தையே என்று பொருள்பட அபூ துராப் என்று அழைத்து எழுப்பினார்கள். தமக்கிருந்த பெயர்கள் யாவற்றினும் அதுவே அலி (ரலி) அவர்களுக்குப் பிரியமானதாயிற்று. நபிமொழிகளை அறிவித்த பெரியார்களுள்ளும் கண்பார்வை குறைந்தவர் என்ற கருத்தில் அஃமஷ் என்றும், கால் ஊனமுற்றவர் என்ற கருத்தில் அஃரஜ் என்றும் பெயர் பெற்றவர்கள் உண்டு. ஆளை அடையாளம் காட்டுவதற்காக, இழிவுபடுத்தும் எண்ணமின்றிச் சொன்னால் குற்றமில்லை என்று மார்க்க அறிஞர்கள் இதற்கு விளக்கமும் அளித்திருக்கிறார்கள்.

ஆனால் ஹுஜ்ராத் அத்தியாயத்திலே, ஒருவரையொருவர் இழிவான பட்டப்பெயர்களால் அழைக்கக்கூடாதென்று இறைவன் தெளிவாகவே தடுத்திருக்கிறான். இழிவு எது என்பதைத் தீர்மானிப்பவர் அழைப்பவரல்லர், அழைக்கப்படுபவரே. அபூ துராப் என்ற பெயர் நிலைத்தது, அதைப் பெற்றவர் அதில் மகிழ்ந்தார் என்பதனால்தான். உங்கள் மகனோ, அவனைப் பெற்ற நீங்களோ அச்சொல்லால் வருந்துகிறீர்கள் என்றறிந்த பின்னும் அப்படி அழைப்பது விளையாட்டாகாது, பாவமேயாகும்.

அந்நாளில் கல்முனை ஆதார வைத்தியசாலையில் 81ஆம் இலக்க நோயாளியாகச் சேர்க்கப்பட்ட ஒரு கைக்குழந்தையை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பெயர் தெரியாமையால் அவ்விலக்கமே அதற்குப் பெயராயிற்று; உலகத்துப் பத்திரிகைகளெல்லாம் "பேபி 81" என்று எழுதின. 2005 பெப்ரவரியில் மரபணுச் சோதனை முடிந்து, நீதிமன்ற உத்தரவின்படி குழந்தை பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்டது. பெற்றோர் இட்ட பெயரும் அதற்கு மீண்டும் கிடைத்தது. ஆயினும் வளர்ந்து பாடசாலைக்குப் போன பிறகும் கூடப் படித்தவர்கள் அந்தப் பழைய பெயரைச் சொல்லிப் பரிகசித்ததையும், அதனால் தாம் நொந்ததையும் அவரே செய்தியாளர்களிடம் சொல்லியிருக்கிறார். வைத்தியசாலை ஊழியர்கள் இலக்கமிட்டது குழந்தையைக் காப்பாற்றுவதற்காக, அதில் குற்றமில்லை. பெயர் தெரிந்த பின்னரும் இலக்கத்தாலேயே அழைத்தவர்கள் எதைக் காப்பாற்றினார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

மகனுடைய தோழர்களை ஒரு நாள் வீட்டுக்கு அழைத்து, தேநீர் கொடுத்து, உங்கள் ராத்தாவைப் பற்றி அவர்களுக்குச் சொல்லுங்கள். அவர்களும் இக்கரைப் பிள்ளைகளே; அவர்கள் வீடுகளிலும் அன்று மையித்துக்கள் தூக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் அத்துடன் இவ்வழக்கம் நின்றுபோகும்.

இவ்விடத்தில் ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். வகுப்பிலே ஒரு பிள்ளையின் பெயர் புதுமையாகவோ விசித்திரமாகவோ உங்களுக்குத் தோன்றினால், இடாப்பை வாசிக்கும்போது அங்கே நிறுத்தாதீர்கள். மற்றப் பெயர்களை வாசிக்கும் அதே குரலில், பிழையில்லாமல் வாசித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போங்கள்.