கடைசிக் கடைத்தெரு



மதுரையிலிருந்து மூணாறுக்கு ரோட்டு வழியாகப் போகிறவர்களுக்குத் தெரியும். உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி தாண்டினால் போடிநாயக்கனூர். ஏலக்காய்க்குப் பேர்போன ஊர். அகலப்பாதை வேலைக்காக 2010-ல் நிறுத்தின ரயில், 2023-ல்தான் மறுபடி போடிவரை வந்தது. அதோடு தண்டவாளம் முடிந்துபோகும். மேலே 17 கொண்டை ஊசி வளைவுகள், போடிமெட்டு, அப்புறம் கேரளா.

ஊழியத்துக்காக மலைக்குப் போகும்போதெல்லாம் எங்கள் வேன் போடியில் நிற்கும். டிரைவர் தம்பி டயரில் காற்றுப் பார்த்து, டீசல் போட்டு, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவார். சகோதரிகள் இட்லிப் பொட்டலமும், வாந்தி வருகிறவர்களுக்கு எலுமிச்சம்பழமும் வாங்குவார்கள். விடியற்காலையில் ஏலத்தோட்டத்து வேலைக்கு ஜீப்பில் ஏறும் தாய்மார்களைப் பாருங்கள். தூக்குவாளியில் சோறு இல்லாமல் ஏறுவார்களா? தோட்டத்துக்குள்ளே போய்க் கடை தேட முடியாதே!

1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். யேசபேலுக்குப் பயந்து எலியா பெயெர்செபாவுக்கு வருகிறார். யூதாவின் தெற்குக் கோடியில் இருந்த ஊர், அதற்கப்புறம் வனாந்தரம். வேலைக்காரனை அங்கேயே விட்டுவிட்டார். வழிக்கு எதையாவது வாங்கினார் என்று வேதம் சொல்லவில்லை. ஒருநாள் நடந்து, சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, செத்தால் போதும் என்று ஜெபித்தார். கடையே இல்லாத இடத்தில் கர்த்தர் தூதனை அனுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் வைத்தார். தேவனுக்கே மகிமை!

ஒன்றைக் கவனியுங்கள். முதல்தரம் சாப்பிட்டுவிட்டு எலியா திரும்பவும் படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாந்தரம் தட்டி எழுப்ப வேண்டியதாயிற்று. முதல் சாப்பாடு பசிக்கு. இரண்டாவது சாப்பாடு வழிக்கு. அந்தத் தெம்பில்தான் 40 நாள் ராப்பகலாக ஓரேப் மலைமட்டும் நடந்தார்.

அநேக விசுவாசிகள் முதல் சாப்பாட்டோடு படுத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை செய்தி கேட்டால் மனசு ஆறும். திங்கட்கிழமை வேதம் திறக்கப்படாது. வியாதி, கடன், சாவு என்று வளைவுக்கு மேல் வளைவு வரும்போது கையில் என்ன இருக்கும்?

“பாஸ்டர், எலியாவுக்குத் தந்தவர் எனக்கும் அப்போது தரமாட்டாரா?” தருவார், அவர் இரக்கமுள்ளவர். ஆனால் மத்தேயு 25-ல் ஐந்து பேர் நடுராத்திரியில் எண்ணெய் வாங்கப் போனார்கள். திரும்பி வந்தபோது கதவு சாத்தியிருந்தது. சோர்ந்து விழுந்தவனுக்குத் தூதன் வருவான். ‘இருக்கட்டும், பார்க்கலாம்’ என்கிறவனுக்கு அப்படி ஒரு வாக்குத்தத்தம் இல்லை.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு வயதான தாயார். கண் மங்கத் தொடங்கினவுடனே வாரம் ஒரு சங்கீதமாக மனப்பாடம் பண்ணினார்கள். இன்றைக்குப் பார்வை இல்லை. நான் ஜெபிக்கப் போனால், அவர்கள்தான் எனக்குச் சங்கீதம் சொல்லித் திடப்படுத்துகிறார்கள். அல்லேலூயா!

பிரியமானவர்களே, கடை இன்னும் திறந்திருக்கிறது. ஏசாயா 55 சொல்லுகிறபடி பணமில்லாதவனும் வாங்கலாம். வெளிச்சம் இருக்கும்போதே வாங்கிக்கொள்ளுங்கள். கர்த்தர் உங்கள் பிரயாணத்தை வாய்க்கப்பண்ணுவாராக. ஆமென். மாரநாதா!