விடியற்காலம் யாருடையது?

மாநில எல்லையில் குடியிருந்தால் கோடை விடுமுறை வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஒன்றாக வராது. ஆரியங்கோட்டில் எங்கள் பிள்ளைகளுக்கு மார்ச் கடைசியில் பள்ளி அடைத்தால் ஜூன் தொடக்கத்தில்தான் திறக்கும். நான் பாடம் நடத்துவது எல்லைக்கு அந்தப் பக்கம், குமரி மாவட்டத்துப் பள்ளி ஒன்றில். அங்கே ஏப்ரல் முழுக்கத் தேர்வும் விடைத்தாளும்தான். ஏழு வயது மகளும் அங்கன்வாடி போகும் மகனும் வீட்டில் கிடந்து குதிக்கிற மாதத்தில் நான் களியக்காவிளை பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருப்பேன். என் கணவர் சைக்கிள் பந்தயத்துக்குப் பயிற்சி எடுப்பதும் இதே மாதங்களில்தான். ஜூனில் மழை பிடித்துவிட்டால் நெடுந்தூரம் ஓட்ட முடியாது. அதற்குள் கால்களைப் பழக்கிவிட வேண்டும் என்பது அவர் கணக்கு.

அவர் தொழில்முறை வீரர் அல்ல. நெய்யாற்றின்கரையில் அலுவலக வேலை. அக்கம்பக்கத்தில் நடக்கும் பந்தயங்களில் கலந்துகொள்வார். பிரெவே எனப்படும் நெடுந்தூர ஓட்டங்களுக்கும் போவார். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 300 என்றால் 20 மணி நேரம், 600 என்றால் 40 மணி நேரம். முதலிடம், இரண்டாமிடம் என்று எதுவும் இல்லை, பரிசுப் பணமும் இல்லை. ஆனால் நேரக்கெடு உண்டு. நேரக்கெடு உள்ள இடத்தில் பயிற்சியும் உண்டு. சம்பளமோ பரிசோ இல்லாத ஒரு விளையாட்டுக்கு ஒரு வீடு எவ்வளவு நேரம் கொடுக்கலாம், அது யாருடைய பங்கிலிருந்து போகிறது என்பதுதான் என் கேள்வி.

அவர் படிக்கும் பயிற்சிப் புத்தகங்கள் இந்தக் கேள்விக்கு உதவுவதில்லை. அவை ஐரோப்பியக் கோடைக்காக எழுதப்பட்டவை. லண்டனில் ஜூன் மாதப் பகல் பதினாறரை மணி நேரத்துக்கும் மேல் நீளும். அலுவலகம் முடிந்து, பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்து, அதற்குப் பிறகும் வெளிச்சத்திலேயே ஒரு சிறு பந்தயம் ஓட்டிவிட்டு வரலாம். அங்குள்ள சைக்கிள் மன்றங்கள் வாரநாள் மாலைகளில் அப்படி நடத்தவும் செய்கின்றன. நாம் இருப்பதோ பூமத்திய ரேகைக்கு எட்டு பாகை சொச்சம் வடக்கே. இங்கே ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரமே வித்தியாசம். ஏப்ரலில் ஆறு மணி வாக்கில் விடிந்து, ஆறரை மணி வாக்கில் பொழுது அடைந்துவிடும். காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை வழியுமே தவிர, காய்ந்து உடம்பைக் குளிரவைக்காது. கோடையில் நண்பகல் 12 முதல் 3 வரை தொழிலாளர்களை வெயிலில் நிறுத்தி வேலை வாங்கக் கூடாது என்று கேரளத் தொழிலாளர் துறை ஆண்டுதோறும் உத்தரவு போடுகிறது. மாலையானால் கோடைமழை, இடி மின்னல். ஆகச் சைக்கிள்காரருக்கு மிஞ்சுவது நாலரை மணிக்கும் எட்டு மணிக்கும் இடைப்பட்ட நேரம் மட்டுமே.

வீட்டுக்கும் அதே நேரம்தான் வேண்டும். மோட்டார் போட்டுத் தொட்டி நிறைப்பது, பிள்ளைகளின் பகலுக்கும் சேர்த்துச் சமைத்து வைப்பது, மாமிக்குச் சர்க்கரை மாத்திரை, எழும்பியதும் அழும் மகன், ஏழு மணி பஸ். கோடையில் மரம் இலை உதிர்த்துத் தளிர்க்கும் மாதங்களில் மாமா ரப்பர் பால்வெட்டை நிறுத்திவிடுவார். இந்த வீட்டில் கோடை விடுமுறையை முழுதாக அனுபவிப்பது ரப்பர் மரங்கள்தான்.

மாமி ஒரு நாள் கேட்டார்: “மக்களே, அவன் சவுட்டுதான், நீ ஓடுத. மெடலு ஆருக்கு?”

மாமியின் கேள்வி அரசாங்கக் கணக்கிலும் இருக்கிறது. 2024-ஆம் ஆண்டுக்கான இந்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது 289 நிமிடம். அதே வேலையைச் செய்யும் ஆண்கள் 88 நிமிடம். இரண்டுக்கும் இடையே மூன்று மணி நேரத்துக்கு மேல் இடைவெளி. பொழுதுபோக்காகப் பந்தயம் ஓட்டும் ஒருவருடைய காலைப் பயிற்சிக்கும் ஏறக்குறைய அதே நேரம்தான் ஆகிறது. இந்த ஒற்றுமை தற்செயல்தான். ஆனாலும் பார்த்தபோது சிரிப்பு வந்தது.

தமிழ்நாட்டில் சைக்கிளுக்கு இதற்கு நேர்மாறான ஒரு வரலாறு உண்டு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தில் கிராமத்துப் பெண்கள் திரள்திரளாகச் சைக்கிள் பழகினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை விரிவாக எழுதியிருக்கிறார். பெண்களுக்கான சைக்கிள் போதாத நிலையில் ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இருக்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவே ஓடும் பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்பது அதில் ஒரு வசதி. தண்ணீருக்கும் சந்தைக்கும் பஸ்ஸுக்கும் காத்துக்கிடந்த நேரத்தை அந்தச் சைக்கிள் அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. பந்தய சைக்கிளிலும் பார் உண்டு. எடை குறைக்கும் அவசரத்தில் அதில் பிள்ளைக்கும் இடமில்லை, கேரியருக்கும் இடமில்லை. ஒரே வாகனம் ஒரு வீட்டுக்கு நேரம் தரலாம், இன்னொரு வீட்டில் நேரம் எடுக்கலாம். அதில் யார் ஏறுகிறார், அவர் இல்லாத நேரத்தில் வீட்டை யார் பார்க்கிறார் என்பதைப் பொறுத்தது அது.

அவர் ஓட்டக் கூடாது என்று சொல்வதாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓட்டத்தான் வேண்டும் என்பது என் கட்சி. யாரும் கட்டாயப்படுத்தாமல், யாரும் பாராட்டாமல், ஒரு காரியத்தைப் பிடித்திருக்கிறது என்பதற்காகவே ஒழுங்காகச் செய்கிற ஒருவரோடு வாழ்வது நல்ல விஷயம். பிள்ளைகளும் அதைப் பார்க்க வேண்டும். 2023 அக்டோபரில் எங்கள் மாவட்டத்துப் பொன்முடியில் ஆசிய மலைச் சைக்கிள் சாம்பியன்ஷிப் நடந்தபோது மகளைக் கூட்டிக்கொண்டு போனோம். வென்றவர்கள் பெயரெல்லாம் அவளுக்கு மறந்துவிட்டது. சேற்றில் விழுந்து எழுந்து, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு மேட்டில் ஓடியவர்களை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு ஒவ்வாதது அனுமதி என்கிற ஏற்பாடு. “டீச்சர், நீங்க விடுதியளே, அதுவே பெரிய மனசு” என்று பள்ளியில் சொல்வார்கள். பாராட்டுப் போலத்தான் இருக்கும். ஆனால் அதற்குள் என்னைப் பிடித்து வாசலில் காவலுக்கு நிறுத்திவிடுகிறார்கள். விட்டால் நல்லவள், விடாவிட்டால் கெட்டவள். இரண்டிலும் அவருக்கு ஆசை இருக்கிறது, எனக்கு முடிவு மட்டுமே இருக்கிறது. என் ஆசை என்ன என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அனுமதி கொடுக்கும் வேலை எனக்கு வேண்டாம். வீட்டின் நேரம் இருவர் பெயரிலும் உள்ள கூட்டு வங்கிக் கணக்கு. அதிலிருந்து எடுப்பவர் மற்றவருக்கும் எடுக்க இருப்பு வைத்துவிட்டு எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

எடுக்கப்படுவது நேரம் மட்டுமல்ல, பயமும்தான். வெள்ளறடை, பனச்சமூடு பக்கத்துச் சாலைகளில் கல்லும் பாறைப்பொடியும் ஏற்றிய டாரஸ் லாரிகளைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். இருட்டில் கிளம்பியவர் திரும்பி வரும்வரை காதில் ஒரு பாதி போனிலேயே இருக்கும். அந்தப் பயத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் காரக்கோணத்து மருத்துவக் கல்லூரியின் பெயர்ப்பலகை நினைவுக்கு வரும். அதிலுள்ள சோமர்வெல், 1922, 1924 ஆகிய இரண்டு எவரெஸ்ட் பயணங்களிலும் ஏறியவர். நெய்யூர் ஆஸ்பத்திரியில் பல ஆண்டுகள் அறுவை மருத்துவராக இருந்து எங்கள் முன்னோர்களுக்கு வைத்தியம் பார்த்தவர். அந்த மலையேறிகளும் பொழுதுபோக்கு வீரர்கள்தான். அவர்கள் சம்பளத்துக்கு ஏறவில்லை. 1924 ஜூனில் உச்சியை நோக்கிப் போன மாலரி திரும்பவில்லை. அவர் கொண்டுபோனது சோமர்வெல் கொடுத்த கேமரா. இங்கிலாந்தில் மாலரியின் மனைவி ரூத்தும் மூன்று சிறு பிள்ளைகளும் இருந்தார்கள். சோமர்வெல் நெய்யூருக்குத் திரும்பினார், மறு ஆண்டு மணம் முடித்தார், பின்னால் வந்த எவரெஸ்ட் பயணங்கள் எதிலும் சேரவில்லை. இவர் சரி, அவர் தவறு என்று தீர்ப்பெழுத நான் யார்? ஆனால் மாலரி என்றவுடன் உலகம் கேட்பது அவர் உச்சியைத் தொட்டாரா என்று. நான் கேட்பது, மூன்று பிள்ளைகளோடு ரூத் அந்த ஜூன் மாதத்தை எப்படிக் கழித்தார் என்று.

எவ்வளவு நேரம் போதும் என்பதற்கு அறிவியலில் ஒரு பதில் கிடைத்தது. 1980-களில் அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஹிக்சன் சிலரை வாரம் ஆறு நாள், நாளுக்கு 40 நிமிடம், பத்து வாரம் கடுமையாகப் பழக்கினார். பிறகு சிலருக்கு நாட்களை இரண்டாகக் குறைத்தார். வேறு சிலருக்கு நேரத்தை 13 நிமிடமாகக் குறைத்தார். வேகத்தின் கடுமை மாறாதவரை, பதினைந்து வாரம் கழிந்தும் அவர்களுடைய உடல் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் உச்சத்திறன் அப்படியே இருந்தது. கடுமையைக் குறைத்தபோதுதான் அது சரிந்தது. 13 நிமிடக்காரர்களுக்கு நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் சக்தி கொஞ்சம் குறைந்ததே என்று என் கணவர் சுட்டிக்காட்டினார். உண்மைதான். ஆனால் சாரம் தெளிவு: ஏறுவதற்கு விலை அதிகம், ஏறிய இடத்தில் நிற்க விலை குறைவு. பிள்ளைகள் சிறிதாக இருக்கும் ஆண்டுகளுக்கு நின்றுகொள்வதே போதுமான சாதனை.

சில வீடுகளில் முறை மாறியும் நடந்திருக்கிறது. பிரிட்டன் வீராங்கனை லிஸ்ஸி டைக்னனுக்கு 2018-இல் குழந்தை பிறந்தது. அதே ஆண்டு அவர் கணவர் பிலிப் டைக்னன், தாமும் தொழில்முறைச் சைக்கிள் வீரர், ஓய்வு பெற்றுக் குழந்தையைப் பார்த்துக்கொண்டார். 2021-இல் பெண்களுக்கென முதன்முறையாக நடந்த பாரிஸ்–ரூபே பந்தயத்தை லிஸ்ஸி வென்றார். அங்கே பிலிப் அனுமதி கொடுக்கவில்லை, நேரம் கொடுத்தார்.

எங்கள் ஏற்பாடு இதைவிடச் சிறியது. வாரத்தில் இரண்டு விடியற்காலம் அவருக்கு, இரண்டு எனக்கு. அவருடைய நாட்களில் நான் வீட்டைப் பார்ப்பேன். என்னுடைய நாட்களில் மோட்டார் முதல் மாத்திரை வரை அவர் பாடு. “உன் நாளில் என்ன செய்வாய்?” என்று கேட்டார். நடக்கலாம், படிக்கலாம், வெறுமனே படுத்துக் கிடக்கலாம். அதற்குப் பதில் சொல்லக் கடமையில்லை என்றேன். 200 கிலோமீட்டர் போய்விட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதற்குக் காரணம் கேட்காத வீடு, நான் சும்மா இருப்பதற்கும் காரணம் கேட்கக் கூடாது.

அவருக்கு இன்னொரு கனவும் உண்டு. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ்: 1200 கிலோமீட்டர், 90 மணி நேரம், அடுத்தது 2027 ஆகஸ்டில். அதில் கலந்துகொள்ள அந்த ஆண்டிலேயே 200, 300, 400, 600 என்று நான்கு ஓட்டங்களையும் முடித்திருக்க வேண்டும். போகட்டும். என் அனுமதி வேண்டியதில்லை. அதுவரை என் பெயரில் எத்தனை விடியற்காலம் சேர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு விண்ணப்பம் போடட்டும்.