ஏரடியில் மடியும் உயிர்

கோலார்ப் பகுதிச் சிற்றூர் ஒன்றில், மாசித் திங்களில், பஞ்ச சீலம் பற்றி யாம் பேசி முடித்தபோது, இரண்டு ஏக்கர் புன்செய் உடைய முதியவர் ஒருவர் எழுந்தார். “ஐயா, கேழ்வரகு அறுத்த தாள் நிலத்தில் நிற்கிறது. கொழுவைத் தீட்டி வைத்துள்ளேன். எருவும் கொண்டுபோய்க் கொட்டியாயிற்று. ஒரு கோடை மழை விழுந்தால் ஏர் கட்ட வேண்டும். மண்ணைப் புரட்டினால் புழு சாகிறது. கொல்லேன் என்று எந்த வாயால் சொல்வேன்?” என்றார்.

“எண்ணமே வினை என்றார் பகவன். உமது எண்ணம் விளைச்சலேயன்றிக் கொலையன்று. நிலத்தைத் தோண்டலாகாதென்னும் விநய விதியும் பிக்குகளுக்கே உரியது” என்றோம். முதியவர் விடவில்லை. “மண்ணுள் உறங்கும் கூட்டுப்புழு வெயிலிலும் பறவை வாயிலும் அழியட்டும் என்றுந்தானே கோடையுழவு செய்கிறோம்? அறிந்து செய்வது எண்ணமில்லாச் செயலாகுமா?”

யாம் வாயடைத்து நின்றோம். பல்லாண்டு பஞ்சாலையில் உழைத்த எமக்கு நிலமில்லை, ஏர் பிடித்தறியோம். ஆயினும் ஏர் பிடித்தவர் விளைத்ததை நாள்தோறும் உண்டோம். அப்புழுவின் சாவில் உண்பவருக்கும் பங்குண்டன்றோ?

மனுநூல் இவ்வினாவை அறியும். அதன் பத்தாம் அத்தியாயம், இரும்பு முனைக் கலப்பை நிலத்தையும் நிலத்துயிர்களையும் வருத்துமென்று கூறி, முதலிரு வருணத்தாரை உழவினின்று விலகச் சொல்கிறது. புழுவுக்கு இரங்கி ஏரைத் தொடாதவர், ஏரைத் தொட்டவன் விளைத்ததை உண்டனர். அவன் கையையோ தீண்டாது ஒதுக்கினர். இஃது எவ்வகை இரக்கம்?

அசுவகோஷர் இயற்றிய புத்தசரிதத்தில், சித்தார்த்தர் உழவைக் காணும் இடம் ஒன்றுண்டு. மடிந்த புழுக்களைக் கண்டு, தம் உறவினர் மாண்டாற்போல் அவர் வருந்தினார். அத்துடன் நில்லாது, வெயிலிலும் புழுதியிலும் நிறம் மாறிய உழவரையும், களைத்த எருதுகளையும் கண்டு இரங்கினார். புழு, எருது, மனிதன் ஆகிய மூவர்க்கும் ஒரே இரக்கம்!

ஆகவே முதியவரிடம் கூறினோம்: “ஐயா, ஏரடியில் சாவது சாவுதான்; அதைத் தூயதென்று யாம் பொய் சொல்லோம். ஆனால், சீலம் ஏற்பவர் ‘நான் கொல்லாதவன்’ என்று பெருமை பேசுவதில்லை. ‘கொல்லாமை என்னும் பயிற்சியை மேற்கொள்கிறேன்’ என்றே உரைக்கிறார். பயிற்சிக்கு உமது நிலமே களம். தாளுக்கும் சருகுக்கும் தீ வைக்காதீர்; தீ எவ்வுயிரையும் விட்டு வைக்காது. வேண்டிய உழவுக்கு மேல் ஒரு சால் ஓட்டாதீர். கழுத்தில் புண்பட்ட எருதை நுகத்தில் பூட்டாதீர். வெயில் ஏறுமுன் ஏரை அவிழ்த்து விடும். கூலிக்கு வந்தவருக்கு அன்றைய கூலியை அன்றே கொடும்.”

முதியவர் நெடுநேரம் எண்ணியிருந்து, அன்று மாலை சீலம் ஏற்றார். பங்குனியில் மழை விழுந்தது, ஏர் கட்டினார். தாளுக்குத் தீ வைக்கவில்லை.

அன்பர்களே, உழுபவர் ஒருவரே இக்கணக்கைத் தீர்க்க இயலாது. உண்ணும் ஒவ்வொரு பிடியிலும் ஓர் உயிரின் சாவும் ஒருவரின் வியர்வையும் உண்டென்று உணர்ந்து, சோற்றை வீணாக்காதிருத்தலும், உழைத்தவர் கூலியைக் குறைக்காதிருத்தலும் நம் பங்குக்குரிய பயிற்சியாகும்.