ஆறு வயதில் பார்த்த அப்பா

ஹார்ப்பர் லீ எழுதி 1960இல் வெளிவந்த 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலைக் கல்லூரிக் காலத்தில் இரண்டே இரவில் படித்து முடித்தேன். அதன் அடுத்த பாகம் என்று சொல்லி 2015 ஜூலையில் 'கோ செட் எ வாட்ச்மேன்' வந்தபோது முதல் வாரமே வாங்கினேன். பாதியில் மூடி வைத்துவிட்டேன்.

காரணம் அட்டிகஸ் ஃபிஞ்ச். முதல் நாவலில், பொய்ப்பழி சுமந்த ஒரு கறுப்பினத்தவருக்காக ஊர்ப் பகையைச் சம்பாதித்துக்கொண்டு வாதாடிய அலபாமா வக்கீல். பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்தவர்களே உண்டு. இரண்டாவதில் அவருக்கு 72 வயது. நியூயார்க்கிலிருந்து ஊருக்கு வரும் மகள் ஜீன் லூயிஸ், நிறவெறியர்களின் கூட்டம் ஒன்றில் அப்பா உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறாள். சிறுமியாக இருந்தபோது அவர் வாதாடுவதைப் பார்த்த அதே நீதிமன்ற மாடத்திலிருந்து!

உண்மையில் இது அடுத்த பாகமே இல்லை. ஐம்பதுகளில் லீ முதலில் எழுதிய கைப்பிரதி. அதில் வரும் சிறுவயது நினைவுகளில்தான் உயிர் இருக்கிறது என்று கண்டுகொண்ட பதிப்பாசிரியர் டே ஹோஹாஃப், கதையை அந்த வயதிலிருந்து எழுதச் சொன்னார். லீ இரண்டு ஆண்டுகளுக்கு மேல் திருத்தித் திருத்தி எழுதியதைத்தான் உலகம் கொண்டாடியது. முதல் நாவலில் தண்டனையில் முடியும் வழக்கு, இதில் விடுதலையில் முடிந்திருக்கிறது. அந்த முரண்கூட அப்படியே அச்சாகிவிட்டது. நாவலாகப் பார்த்தால் இது அரைவேக்காடு. கடைசிப் பக்கங்களில் பாத்திரங்கள் பேசுவதைவிடப் பிரசங்கம் செய்வதே அதிகம்.

ஆனாலும் புத்தகம் என்னை விடவில்லை. என் அப்பா யார் வந்து கேட்டாலும் காசு வாங்காமல் மனு எழுதித் தருவார். தெருவே அவரை மதித்தது; நானும்தான். ஒருநாள் நண்பனின் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்: "இவங்க என்ன ஆளுங்கப்பா?"

மனு எழுதிய கையும் அந்தக் கேள்வியும் ஒரே மனிதருடையவை. சிறுவயதில் நான் பார்த்ததும் பொய்யில்லை. அன்று கேட்டதும் பொய்யில்லை. அப்பாக்களை நாம் ஆறு வயதில் எழுதி முடித்துவிடுகிறோம். அதற்கு எந்த அடுத்த பாகம் வந்தாலும் கசக்கத்தான் செய்யும்.

மூடி வைத்த புத்தகத்தைப் பிறகு எடுத்து முடித்தேன். ஜீன் லூயிஸ் அப்பாவின் முகத்துக்கு நேரே நின்று சண்டை போடுகிறாள். நான் பத்திரிகையை வாங்கி மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். அப்பா இப்போது இல்லை.