கெட்டுப் போகும் விதம்

அம்பத்தூரில் குடியிருக்கும் ஒருவர் மீன் தொட்டிக்கு ஹீட்டர் வாங்கப் போகிறேன் என்று சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். சித்திரை மாதத்துப் பகலில் குழாயைத் திறந்தால் வெந்நீர் கொட்டுகிற ஊர் இது. பக்கத்திலுள்ள ஆவடியிலோ ‘டாங்க்’ என்ற சொல்லுக்கே அர்த்தம் வேறு. 1961-ல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலையின் புண்ணியத்தில் அது பீரங்கி வண்டியைத்தான் குறிக்கும். ஆனால் கண்ணாடித் தொட்டியில் உப்பு நீர் நிரப்பி, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்களை வளர்க்கிறவர்கள் அங்கேயும் உண்டு, பூந்தமல்லியிலும் உண்டு. வருஷத்தில் சில வாரங்கள் அவர்களுக்கு ஹீட்டர் தேவைப்படுகிறது.

கடலை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் இந்தப் பக்கங்களில் மார்கழி, தை இரவுகளில் குளிர் 20 டிகிரியை ஒட்டி இறங்கிவிடும். அதைவிட வேடிக்கையான காரணம் ஒன்றும் உண்டு. வீட்டுக்காரர் தம் உடம்புக்காக அறையில் ஏ.ஸி. போட்டுக்கொள்கிறார், அந்தக் குளிர் மீனுக்கு ஆகாது என்று தொட்டியில் ஹீட்டர் போடுகிறார். ஒரே அறையில் ஒரு யந்திரம் குளிரூட்ட, இன்னொன்று சூடேற்ற, இரண்டுக்கும் அவர்தான் மின்கட்டணம் செலுத்துகிறார். இதைச் சொல்லி நாம் சிரிக்கலாம். ஆனால் கொளத்தூர் மீன் கடைகளில் நின்றுகொண்டு, “இதிலே நம்பகமான ஹீட்டர் எதுங்க?” என்று அவர் கேட்கிறாரே, அந்தக் கேள்வியைக் கேட்டுச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

1909-ல் மெரினாக் கடற்கரையில் சென்னை ஒரு மீன் காட்சிசாலையைத் திறந்தது. இந்தியாவிலேயே அதுதான் முதலாவது என்பார்கள். இரண்டாம் உலக யுத்த காலத்தில் மூடியதை மறுபடி திறக்கவேயில்லை. அங்கே மீன்களுக்கு எதிரிலேயே கடல் இருந்தது. கடல் என்பது வெறும் உப்புத் தண்ணீரா என்ன? அது மகத்தான ஒரு நிதானம். பகல் வெயிலும் இரவுக் குளிரும் அதை அசைத்துவிடுவதில்லை. அந்த நிதானத்தில் ஒரு நூறு லிட்டரைப் பிரித்து ஆவடி வீட்டுக் கூடத்தில் வைத்தவுடன், கடல் செய்துகொண்டிருந்த வேலை நம் தலையில் விழுகிறது. அந்த வேலையை ஒரு சாண் நீளக் கண்ணாடிக் குழாயிடம் ஒப்படைக்கிறோம்.

அந்தக் குழாய்க்குள் என்ன இருக்கிறது? சூடாகும் கம்பிச் சுருள் ஒன்று. அதை எரியவும் அணையவும் செய்கிற தெர்மாஸ்டாட் ஒன்று. பழைய மாதிரிகளில் தெர்மாஸ்டாட் என்பது ஒட்டவைத்த இரண்டு உலோகத் தகடுகள்தாம். சூட்டில் ஒன்று அதிகம் நீளும், மற்றது குறைவாக நீளும். அதனால் இரண்டும் சேர்ந்து வளையும். வளைந்தால் மின்தொடர்பு விட்டுப்போகும். நம் வீட்டு இஸ்திரிப் பெட்டியிலும் இதே சூத்திரந்தான். ஒவ்வொரு தடவை தொடர்பு விடும்போதும் சின்னப் பொறி ஒன்று பறக்கிறது. ஆயிரக்கணக்கான பொறிகளுக்குப் பிறகு, ஒருநாள் அந்த இரண்டு முனைகளும் உருகி ஒட்டிக்கொள்ளலாம். அப்புறம் தண்ணீர் எவ்வளவு கொதித்தாலும் ஹீட்டர் அணையாது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் டூல் ரூமில் இருபது வருஷம் வேலை பார்த்த நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அவரும் கடல் மீன் வளர்க்கிறவர். ‘நம்பகமான ஹீட்டர் எது’ என்று அவரிடம் கேட்டேன்.

“கெடாத சாமான்னு ஒண்ணு உண்டா சார்? எல்லாம் கெடும். எப்படிக் கெடும்னு கேளுங்க” என்றார்.

இரும்போடு பழகியவரின் பதில் அது. எனக்கு அது பெரிய வேதாந்தமாகவே பட்டது. ஹீட்டர் இரண்டு விதமாகக் கெடலாம்: அணைந்தே போகலாம், எரிந்துகொண்டே இருக்கலாம். அணைந்து போனால் தண்ணீர் மெல்லக் குளிரும். நம் ஊரில் அது பெரிய ஆபத்தல்ல, காலையில் கவனித்துக்கொள்ளலாம். எரிந்துகொண்டே இருந்தால்தான் விபரீதம். நூறு லிட்டர் தண்ணீரில் 300 வாட் ஹீட்டர் அணையாமல் எரிந்தால், மணிக்கு இரண்டரை டிகிரி ஏறும். இரவு பத்து மணிக்கு 26 டிகிரியில் இருந்த தொட்டி, ஒன்றரை மணிக்கெல்லாம் 34-ஐத் தாண்டிவிடும். சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரைந்த பிராணவாயு குறைகிறது. மீனுக்கோ அப்போதுதான் அது அதிகம் வேண்டியிருக்கிறது. நாய் குரைக்கும், பசு கத்தும். மீன் வாயைத் திறந்தாலும் நமக்குக் கேட்காது.

அதே தொட்டியில் 50 வாட் ஹீட்டர் ஒட்டிக்கொண்டு எரிந்தால்? அறைச் சூட்டுக்கு மேலே நாலைந்து டிகிரி உயர்த்திவிட்டு, பெரும்பாலும் அத்துடன் திணறி நின்றுவிடும். அது கொடுக்கிற சூட்டைக் கண்ணாடியும் காற்றும் வாங்கிக்கொண்டு போய்விடும். குளிர்நாட்டுக்காரர்கள் லிட்டருக்கு ஒரு வாட் என்று கணக்குச் சொல்வார்கள். நம் ஊருக்கு அது வேண்டியதில்லை. என் நண்பர் ஒரே பெரிய ஹீட்டருக்குப் பதிலாக இரண்டு சின்ன ஹீட்டர்களைப் போட்டிருக்கிறார். ஒன்று பைத்தியம் பிடித்து எரிந்தாலும் கொல்லுகிற பலம் அதற்கில்லை. ஒன்று செத்துப் போனாலும் மற்றது பாதியாவது தாங்கும்.

கடையில் ‘சக்தி’யைத்தான் விற்கிறார்கள், நாமும் அதைத்தான் கேட்டு வாங்குகிறோம். மனிதர்களிடமும் நாம் செய்வது இதுதானே? எல்லாவற்றையும் தானே செய்துவிடுகிற ஒருவனைக் கண்டால் குடும்பமோ ஆபீஸோ அவன் தலையில் அத்தனையையும் ஏற்றிவிடுகிறது. அவன் நல்லவன், வல்லவன், சந்தேகமில்லை. ஆனால் அவன் நிலைதவறும் நாளில் எத்தனை பேர் வெந்து போவார்கள் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு ஒன்று தெரியும்: ஒரு பாத்திரத்தின் குணம் அவன் ஜெயிக்கிற அத்தியாயத்தில் வெளிப்படுவதில்லை, முறிகிற அத்தியாயத்தில்தான் வெளிப்படும். யந்திரத்துக்கும் இந்த விதியைப் பொருத்திப் பார்க்கலாம் என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு மீன் தொட்டி.

நண்பர் இன்னொரு காவலும் வைத்திருக்கிறார். தனியாகச் சுவரில் மாட்டிய கன்ட்ரோலர். அதன் உணர்கம்பி தண்ணீரில் கிடக்கும். அதை 26-க்கும், ஹீட்டரின் சொந்தத் தெர்மாஸ்டாட்டை 27-க்கும் வைத்துவிடுகிறார். அன்றாட வேலையைக் கன்ட்ரோலர் பார்க்கும். உள்ளே இருக்கும் தகடு ஓய்வாக இருந்து ஆபத்துக்கு உதவும். ஆனால் அந்த உணர்கம்பி நழுவி வெளியே விழுந்துவிட்டால், ஏ.ஸி. காற்றின் குளிரைத் தண்ணீரின் குளிர் என்று எண்ணிக்கொண்டு கன்ட்ரோலர் ஹீட்டரை எரித்துக்கொண்டே இருக்கும். காவலுக்கும் காவல் வேண்டியிருக்கிறது. கடைசிக் காவல், கண்ணாடியில் ஒட்டிய சாதாரண வெப்பமானியும் அதைத் தினம் பார்க்கிற ஒரு ஜோடிக் கண்களும்தான். (உப்பு நீரும் மின்சாரமும் சேருகிற இடமாகையால், கசிவு கண்டால் துண்டிக்கும் பிரேக்கர் இல்லாமல் இதில் இறங்கவே கூடாது. இது மீனுக்காக அல்ல, தொட்டிக்குள் கை விடுகிறவருக்காக.)

“சில நூறு ரூபாய் மீனுக்கு இத்தனை ஏற்பாடா?” என்று கேட்கலாம். ஹீட்டர் கம்பெனியின் வாரண்டிச் சீட்டும் வேறு வார்த்தையில் அதையேதான் சொல்கிறது: ஹீட்டர் கெட்டால் ஹீட்டர் தருவோம் என்று. நியாயத்தை விலையால் அளக்கிற புத்தி அது. கடலில் மேல்மட்டம் சுட்டால் ஒரு மீன் ஆழத்துக்குப் போகலாம். வேறு திசை பார்க்கலாம். போக்கிடமில்லாத உயிர்களுக்குக் கடலிலும் கஷ்டந்தான். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் கோடைக் கடல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் சுட்டதற்கே, நகர முடியாத பவளங்கள் வெளுத்துப்போயின. தொட்டி மீனுக்கு அந்தப் போக்கிடத்தை அடைத்தது நாம். எவ்வளவுக்கு எவ்வளவு ஓர் உயிரின் வழிகளை அடைக்கிறோமோ, அவ்வளவுக்கு அவ்வளவு அதன் கஷ்டம் நம் கணக்கில் ஏறுகிறது. அதன் விலை ஐம்பது ரூபாயானாலும் இந்தக் கணக்கு மாறாது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தார் கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கச் செய்து காட்டியிருக்கிறார்கள். அப்படிப் பிறந்த மீனை வாங்கினால் கடலிலிருந்து திருடிய பாவம் குறையலாம். அடைத்து வைத்த பொறுப்பு குறையாது.

அந்தப் பொறுப்பு நெடுநாளையது. கோமாளி மீன் தொட்டியில் பத்து வருஷத்துக்கு மேலும் வாழக்கூடியது. ஹீட்டருக்கு அவ்வளவு ஆயுள் இல்லை. சில வருஷங்களுக்கு ஒருமுறை, நன்றாக இருக்கும்போதே மாற்றிவிட வேண்டும் என்பார்கள். ஆக, ஒரு மீன் தன் வாழ்நாளில் மூன்று நான்கு ஹீட்டர்களைப் பார்த்துவிடும். ‘ஒரு தடவை நல்லதாக வாங்கிப் போட்டுவிட்டால் கவலையில்லை’ என்று பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்புகிறவர் உண்மையில் வாங்க விரும்புவது ஹீட்டரை அல்ல, கவலையிலிருந்து விடுதலையை. அந்தச் சரக்கு எந்தக் கடையிலும் இல்லை. என் நண்பர் ஊருக்குப் போகும்போது எதிர்வீட்டு அம்மாளிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறார். வெப்பமானியில் 29-க்கு நேரே சிவப்பு மையில் ஒரு கோடு போட்டிருக்கிறார். “பாதரசம் இந்தக் கோட்டைத் தாண்டிச்சுன்னா எதையும் யோசிக்காதீங்கம்மா, பிளக்கைப் பிடுங்கிடுங்க” என்பதுதான் அந்த அம்மாளுக்கு அவர் சொல்லிக்கொடுத்த மீன் வளர்ப்பு சாஸ்திரம் முழுவதும்.

மாசி முடிந்ததும் அவர் ஹீட்டர்களைக் கழற்றிக் கழுவித் துடைத்து அலமாரியில் வைத்துவிடுகிறார். கார்த்திகை கடைசியில் மறுபடி எடுக்கும்போது நேரே தொட்டியில் போடுவதில்லை. பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் பிடித்து, ஹீட்டரையும் வெப்பமானியையும் அதில் இறக்கி, ஒரு பகலும் ஓர் இரவும் எரியவிட்டுப் பார்க்கிறார். சொன்ன டிகிரியில் அணைகிறதா, மறுபடி எரிகிறதா என்று மணிக்கொரு தரம் வந்து ஒரு பழைய டைரியில் குறித்துக்கொள்கிறார். போன வருஷம் இரண்டில் ஒன்று 31-லும் அணையவில்லை. வாளியில் மீன் இல்லை. அதன் ஒயரை வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, கொளத்தூருக்குப் போவதற்காக ஸ்கூட்டர் சாவியைத் தேடினார்.