விலகத் தெரிந்தவர்

ஒரு காரியத்தில் பொருளையும் காலத்தையும் ஆசையையும் செலவிட்டுவிட்ட மனிதன், அது கைகூடாது என்பதற்கான அறிகுறிகள் கண்ணெதிரே ஒவ்வொன்றாகத் தோன்றத் தொடங்கிய பிறகு, எந்தக் கட்டத்தில் அதனை விட்டு விலக வேண்டும் என்பது வாழ்க்கையில் மிகவும் சிரமமான கேள்விகளுள் ஒன்றாகும். விடாமுயற்சியைப் போற்றுவதற்கு நம்மிடையே பழமொழிகளும் கதைகளும் ஏராளமாக உண்டு. தக்க சமயத்தில் கைவிட்டவனைப் போற்றுவோர் அரியர். அவனைக் கோழை என்றோ, உறுதியற்ற சுபாவம் உடையவன் என்றோ சொல்லிவிடுவது நமக்கு எளிதாக இருக்கிறது. நான் இந்தக் கேள்வியை ஆர அமர யோசிக்கத் தொடங்கியது, அமெரிக்காவில் உத்தியோகம் பார்த்துவந்த ஆண்டுகளில், வெள்ளிக்கிழமை இரவுகளில் நண்பர் ஒருவர் வீட்டுச் சமையலறை மேஜையைச் சுற்றி நடந்துவந்த ஸ்டட் போக்கர் ஆட்டத்தின்போதுதான்.

சூதுக்கென்று தனி அதிகாரமே வகுத்து அதனைக் கண்டித்த திருக்குறளைப் படித்து வளர்ந்தவன் சீட்டாட்டத்தைப் பற்றிச் சிரத்தையோடு எழுதுவது தகுமா என்று வாசகர் கேட்கலாம். கேட்பது நியாயமே. குடும்பத்தின் சோற்றைப் பணயமாக வைக்கும் ஆட்டம் எந்தத் தேசத்தில் நடந்தாலும் தீமையே என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. அந்த மேஜையில் கால் டாலர் மதிப்புள்ள சில்லுகளே புழங்கின. இரவு முழுவதும் தோற்றவருக்கும் ஓர் எளிய உணவு விடுதியில் சாப்பிட்ட செலவுக்கு மேல் நஷ்டம் வராதபடி வரம்பு கட்டியிருந்தார்கள். எனினும் அந்தச் சிறு நஷ்டமும் இல்லாமற்போனால் ஆட்டமே இல்லை. இழப்பதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில் ஒருவரும் விலகமாட்டார்கள், விலகுதல் இல்லாத இடத்தில் விவேகத்துக்கு வேலையும் இல்லை.

ஸ்டட் வகை ஆட்டங்கள் அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரை ஒட்டிய காலத்தில் பரவியவை. முதலில் ஐந்து சீட்டு ஆட்டமும் பின்னர் ஏழு சீட்டு ஆட்டமும் வீடுகளிலும் சூதாட்ட விடுதிகளிலும் நெடுங்காலம் கோலோச்சின. ஏழு சீட்டு ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் முதலில் இரண்டு சீட்டுகள் கவிழ்த்தும் ஒன்று திறந்தும் போடப்படும். பின்னர் மூன்று சீட்டுகள் ஒவ்வொன்றாகத் திறந்தே வரும். ஏழாவது மட்டும் மறுபடியும் கவிழ்ந்து வரும். முதல் மூன்று சீட்டுகள் விழுந்ததும் ஒரு பந்தயம், அதன் பிறகு ஒவ்வொரு சீட்டுக்கும் ஒன்று என, ஒரே கையில் ஐந்து முறை ‘தொடர்வதா, விலகுவதா’ என்று மனிதன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. முடிவில் ஏழில் சிறந்த ஐந்தைக் கொண்டு வெற்றி தீர்மானமாகும். ஆக, ஒவ்வொருவருடைய பாக்கியத்திலும் பாதிக்கு மேல் பிரத்தியட்சமாக மேஜையின் மீது கிடக்கிறது, மறைந்திருப்பது கொஞ்சமே. வாழ்க்கையும் ஏறக்குறைய அவ்வாறே என்று எனக்குத் தோன்றுவதுண்டு. தெரியாதவற்றைப் பற்றி நாம் படும் கவலையில் ஒரு பங்கையேனும் தெரிந்தவற்றைக் கவனிப்பதில் செலவிட்டோமானால், பல துன்பங்கள் தூரத்திலேயே அடையாளம் காணப்பட்டுவிடும்.

இதனைக் கணக்கால் விளக்கலாம். எட்டுப் பேர் அமர்ந்த மேஜையில் ஒருவருக்கு முதல் மூன்று சீட்டுகளும் ஆர்ட்டினாகவே வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இன்னும் இரண்டு ஆர்ட்டின் சேர்ந்துவிட்டால் ஃபிளஷ் என்னும் உயர்ந்த கை அமைந்துவிடும். எதிரே உள்ள சீட்டுகளைப் பாராமல் கணக்கிட்டால், இனி வரும் நான்கு சீட்டுகளில் அது நிறைவேற 100க்கு 18 பங்கு வாய்ப்பு உண்டு. மற்ற ஏழு பேருடைய திறந்த சீட்டுகளைப் பார்த்து, அவற்றில் ஓர் ஆர்ட்டின்கூட இல்லை என்று கண்டால், அந்த வாய்ப்பு ஏறத்தாழ 24 ஆக உயரும். மூன்று ஆர்ட்டின்கள் பிறரிடம் போய்விட்டன என்று கண்டால், ஏறத்தாழ 12 ஆகத் தாழும். கையில் உள்ள சீட்டுகள் அதே மூன்றுதான்; அவை தரும் ஆசையும் அதே ஆசைதான்; ஆனால் ஒரு மேஜையில் அவை பெறும் மதிப்பு மற்றொரு மேஜையில் பெறும் மதிப்பில் பாதியாகிவிடுகிறது. நம்முடைய நம்பிக்கைகளின் உண்மையான பலம் நம்மிடம் உள்ளவற்றை மட்டும் பொறுத்ததாக இருப்பதில்லை; நமக்கு வரவேண்டியவை இன்னும் வரக்கூடிய நிலையில் இருக்கின்றனவா என்பதையும் பொறுத்தது.

அந்த மேஜையில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற ஒரு முதிய அம்மையார் ஆடுவார். சீட்டுகள் விழுந்தவுடன் மற்றவர்கள் தம் கவிழ்ந்த சீட்டுகளின் ஓரத்தை நகத்தால் தூக்கிப் பார்க்க விரையும் வேளையில், அவர் மட்டும் தம் இரண்டு சீட்டுகளின் மீது உள்ளங்கையைப் பதித்தபடியே, இடப்புறம் அமர்ந்தவரிலிருந்து தொடங்கி வலப்புறம் முடிய, ஒவ்வொருவருக்கு முன்னும் திறந்து கிடக்கும் சீட்டின் மேல் ஒரு கணம் கண்ணை நிறுத்திக்கொண்டு போவார். உதடுகள் மெல்ல அசையும். அதன் பிறகே தம்முடையதைப் பார்ப்பார். காரணம் கேட்டபோது, தம் சீட்டைப் பார்த்துவிட்டால் அப்புறம் பிறர் சீட்டை நியாயமாகப் பார்க்க முடிவதில்லை, மனம் அதற்குள் எதையாவது விரும்பத் தொடங்கிவிடுகிறது என்றார். இந்த ஆட்டத்தில் ஒருவர் விலகியதும் அவருடைய திறந்த சீட்டுகளும் கவிழ்க்கப்பட்டுப் பார்வையிலிருந்து மறைந்துவிடும். அவற்றை ஞாபகத்தில் வைத்திருப்பவருக்கே எஞ்சிய கட்டில் என்ன இருக்கக்கூடும் என்பது தெரியும். அம்மையார் அவற்றை மறந்து நான் கண்டதில்லை. ஆசை பிறப்பதற்கு முன்னால் உலகத்தை ஒரு முறை பார்த்துவிடுவதும், போய்விட்டவற்றை மறவாதிருப்பதும் எவ்வளவு பெரிய மனப்பயிற்சி என்பதை அவரைக் கண்டே நான் உணர்ந்தேன்.

இனி, விலகும் காலத்துக்கு வருகிறேன். ஐந்தாவது சீட்டிலிருந்து பந்தயத் தொகை இரட்டிப்பாகும் என்பது இவ்வகை ஆட்டத்தின் பரவலான வழக்கம். அதனால் மூன்றாவது சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு நுழைந்தவன், நான்காவதில் தயங்கி, ஐந்தாவதில் ‘இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே’ என்ற ஒரே காரணத்துக்காக இருமடங்கு கொடுத்துத் தொடர்கிறான். நட்புமுறை ஆட்டங்களில் தோற்பவர்களின் பணத்தில் பெரும்பகுதி இந்த ஒரு வாக்கியத்தின் வழியாகத்தான் வெளியேறுகிறது. நடுவில் குவிந்திருக்கும் சில்லுகளை வெல்லக்கூடிய பரிசாக எண்ணலாம். என்னுடைய பணம் என்று எண்ணலாகாது, ஏனெனில் மேஜையின் நடுவுக்குத் தள்ளப்பட்ட அந்த நிமிஷமே அது என்னுடையதாக இல்லாமற்போயிற்று. குவியலில் 12 சில்லுகள் இருந்து, தொடர்வதற்கு 2 சில்லுகள் தேவையானால், ஏழு தடவைக்கு ஒரு தடவையேனும் வெல்லக்கூடிய கைக்குத் தொடர்வது நியாயம். அதற்கும் குறைந்த கைக்கு அநியாயம். இந்தக் கணக்கில் நான் இதுவரை போட்டது எவ்வளவு என்ற கேள்விக்கு இடமே கிடையாது. நம் ஊரில் ரம்மி ஆடுவோர் இந்த நியாயத்தை நன்கு அறிவர்: முதலிலேயே ஸ்கூட் விட்டால் 20 புள்ளி, இடையில் விட்டால் 40, முற்றத் தோற்றால் 80 என்று, தாமதத்துக்கு விலை ஏறிக்கொண்டே போவதை அவர்களுடைய விதியே சொல்லிவிடுகிறது.

இந்த ஆட்டத்தின் அமைப்பில் எனக்கு மிகுந்த வியப்பைத் தருவது ஒன்று உண்டு. எட்டுப் பேரும் ஒருவரும் விலகாமல் கடைசிவரை நிற்பார்களானால் 56 சீட்டுகள் வேண்டும்; கட்டில் உள்ளவையோ 52. அப்படி ஒரு நிலை நேர்ந்தால் கடைசிச் சீட்டு ஒன்றை நடுவில் வைத்து அனைவருக்கும் பொதுவாக்கிச் சமாளிப்பார்கள். ஆனால் அது அநேகமாக நேர்வதே இல்லை. சிலர் விலகுவார்கள் என்ற எதிர்பார்ப்பின் மீதே ஆட்டம் நிறுவப்பட்டிருக்கிறது. எல்லாருடைய எல்லா ஆசைகளுக்கும் போதிய சீட்டு உலகத்திலும் இல்லை. ஆதலால் விலகுதலைத் தோல்வியாகக் கருதுவது, ஆட்டத்தை நடத்திச் செல்லும் ஒரு தர்மத்தையே இழிவுபடுத்துவதாகும்.

போக்கர் என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது பொய்ப் பந்தயம்; அதாவது, பலவீனமான கையை வைத்துக்கொண்டு பலமானதுபோல் பணம் கட்டி மற்றவர்களை விரட்டுவது. ஜான் வான் நாய்மன் என்னும் கணித மேதை 1944இல் ஆஸ்கார் மார்கன்ஸ்டர்னோடு சேர்ந்து வெளியிட்ட ஆட்டக் கோட்பாட்டு நூலில், பொய்ப் பந்தயத்துக்கும் கணிதரீதியான நியாயம் உண்டு என்பதை நிறுவிக்காட்டினார்: ஒருபோதும் பொய் கட்டாதவனுடைய மெய்யான பந்தயத்தைப் பிறர் எளிதில் கண்டுகொண்டு ஒதுங்கிவிடுவார்கள். இது தேர்ந்தவர்கள் மத்தியில் உண்மை. வீட்டு மேஜையில் மனிதர்கள் வந்திருப்பது ஆடுவதற்காக. எதிரே என்ன கவிழ்ந்திருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்ற ஆவலுக்காகவே ஒரு கால் டாலரை மகிழ்ச்சியோடு தருவார்கள். அத்தகையவரிடம் பொய்ப் பந்தயம் பலிப்பது அரிது. நல்ல கை வந்தால் நேராகப் பந்தயம் கட்டுவதும், வராவிட்டால் நேராக விலகுவதுமே அங்கு சிறந்த உபாயம். நண்பர்கள் நடுவே நேர்மை லாபகரமானதாகவும் அமைந்திருப்பது எனக்கு மிகுந்த திருப்தியை அளித்தது.

அம்மேஜையில் சீட்டுப் போடுபவர் தம் விருப்பம்போல் ஆட்டத்தின் வகையைத் தேர்ந்துகொள்ளலாம். சிகாகோ என்னும் வகையில், கவிழ்ந்த சீட்டுகளுள் மிக உயர்ந்த இஸ்பேட் வைத்திருப்பவருக்குக் குவியலில் பாதி உரியது. ஆகவே இஸ்பேட் ஏஸ் முதலிலேயே கவிழ்ந்து வந்தவர் நிதானமாக நிற்கலாம். உயர்ந்த கைக்கும் தாழ்ந்த கைக்கும் குவியலைப் பங்கிடும் வகையில், ஏஸ் முதல் ஐந்துவரை வரிசையாகச் சேர்த்தவர் இரு பக்கத்தையும் ஒருங்கே வெல்லக்கூடும். பாதிக்காக மட்டும் முழுப் பந்தயம் கட்டுவோர் மெல்ல மெல்ல இளைப்பார்கள். பேஸ்பால் என்னும் வகையில் மூன்றுகளும் ஒன்பதுகளும் ஜோக்கராகிவிடுவதால், மற்ற நாளில் மதிப்புடைய ஏஸ் ஜோடி அன்று அற்பமாகிவிடும். நல்ல கை என்பது எப்போதைக்கும் ஸ்திரமான ஒன்றாக இருப்பதில்லை. எந்த விதியின் கீழ் ஆடுகிறோம் என்பதை மறந்தவன் தன் பழைய பெருமைகளைக் கட்டிக்கொண்டே தோற்கிறான்.

ஆனாலும், நன்றாக ஆடுவது ஒன்றே அம்மேஜையின் தர்மமாகிவிடுமா? 1946ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், சர்ச்சில் தம் புகழ்பெற்ற சொற்பொழிவை நிகழ்த்துவதற்காக மிசௌரி மாநிலத்து ஃபுல்டன் நகரத்துக்கு ஜனாதிபதி ட்ரூமனுடன் ரயிலில் சென்றபோது, வழியில் போக்கர் ஆடினார்கள். விருந்தாளி அதிகமாக இழந்துகொண்டிருப்பதைக் கண்ட ட்ரூமன், அவர் சற்று எழுந்து போன சமயம் பார்த்துத் தம் சகாக்களின் வேகத்தைத் தணித்தார் என்று, உடன் சென்ற கிளார்க் கிளிஃபர்ட் எழுதியிருக்கிறார். மதி நுட்பத்துக்கும் விருந்தோம்பலுக்கும் இடையே உள்ள இந்த நுண்ணிய எல்லையை ஒவ்வொரு வீட்டு மேஜையும் தன்னளவில் கண்டறிய வேண்டியிருக்கிறது. நோயாளியான மனைவியைக் கவனித்துவிட்டு ஒரே ஓர் இரவுக்கு வெளியே வந்திருக்கும் மனிதனிடம், அவனுடைய கடைசிச் சில்லையும் கறந்துவிடுவது உபாயத்தில் பிழையற்றதாக இருக்கலாம், மனிதத்தன்மையில் பிழையற்றதாகாது.

இங்கேதான் நான் தேடிய விடையும் இருப்பதாக நம்புகிறேன். சீட்டைக் கவிழ்த்துவிட்ட பிறகு அந்த அம்மையார் நாற்காலியை விட்டு எழுந்து போனதில்லை. மற்றவர்களின் ஆட்டத்தை அதே சிரத்தையோடு பார்த்திருப்பார், வென்றவரை வாய்விட்டுப் பாராட்டுவார், தம் முறை வந்தபோது சீட்டைக் கலைத்துப் போடுவார். அவர் விலகியது ஒரு கையிலிருந்து. மேஜையிலிருந்து அவர் விலகவில்லை. நாமோ பல சமயங்களில் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறோம்: பயனற்றுப்போன ஒரு திட்டத்தையும், தவறென்று தெரிந்துவிட்ட ஓர் அபிப்பிராயத்தையும் விடமாட்டாமல் பிடித்துக்கொண்டு, அதன் பொருட்டுச் சகோதரனையும் சிநேகிதனையும் விட்டுவிடத் துணிகிறோம். ஆசைகளை அவற்றின் சாத்தியத்தை அளந்து பார்த்துச் சீக்கிரமாகவும், மனிதர்களை மிகமிகத் தாமதமாகவும், கூடுமானால் ஒருக்காலும் விடாமலும் வாழக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே என் முடிந்த கருத்து. தோற்ற கையோடு கோபமின்றி அடுத்த ஆட்டத்துக்கு அமர்ந்திருக்கக்கூடியவர்களால்தான் குடும்பங்களும் நட்புகளும் ஊர்களும் நிலைத்திருக்கின்றன.